எட்டு ஆசிரியர்களில் யாருக்கு உங்கள் பிள்ளையைத் தெரியும்? சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்குச் சென்னையில் ஆறாம் வகுப்புக்குப் பள்ளி தேடும் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐந்தாம் வகுப்பு வரை என் மகனுக்கு ஒரே மிஸ். அவனுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் திணற வைக்கும் கற்றல் குறைபாடு, இருப்பது அவருக்குத் தெரியும். பலகையில் இருப்பதைப் பார்த்து எழுத அவனுக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும், ஆனால் வாயால் கேட்டால் பாடம் முழுவதையும் சொல்லிவிடுவான் என்பதும் அவருக்குத் தெரியும். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி. அங்கே நாற்பது நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்கும், ஒருவர் போவார், இன்னொருவர் வருவார். இரண்டாவது வாரம் சமூக அறிவியல் ஆசிரியர் அவனை எழுப்பி ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொன்னார். வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்தவன் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "எனக்கு அந்த ஸ்கூல் வேண்டாம்மா" என்றான்.

அந்த ஆசிரியர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. சேர்க்கையின்போது நான் கொடுத்த டிஸ்லெக்ஸியா மதிப்பீட்டு அறிக்கை அலுவலகக் கோப்பில் பத்திரமாக இருந்தது, அவ்வளவுதான். மறுபடியும் தேடினோம். இப்போது அவன் இன்னொரு பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறான், காலையில் தானாகக் கிளம்புகிறான். அந்த இரண்டாவது தேடலில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். டிஸ்லெக்ஸியா மட்டும் இல்லை, ஆட்டிசம், செவித்திறன் குறைவு, சக்கர நாற்காலி என்று வெவ்வேறு தேவை உள்ள பிள்ளைகளின் அம்மா அப்பாக்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவையும் இதில் உண்டு.

எந்தப் பள்ளியின் பெயரையும் சொல்லப்போவதில்லை. முதல்வர் மாறினால் ஒரு வருடத்தில் பள்ளியே மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எப்படித் தேடுவது என்பது தெரிந்தால், பெயரை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

முதலில் பிள்ளையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

பள்ளிகளின் பட்டியலைக் கையில் எடுக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். அதில் உங்கள் பிள்ளையைப் பற்றி எழுதுங்கள், ஒரே பக்கம். என்ன செய்தால் அவனுக்கு நன்றாக வருகிறது, எதில் திணறுகிறான், திணறும்போது வெளியே எப்படித் தெரியும், அப்போது என்ன செய்தால் சரியாகும். என் தாளில் இருந்த வரிகளில் சில: "சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம், அவனாகக் கை தூக்கினால் வாசிக்கட்டும்." "கெ, கே குழம்பும். ல, ள, ழ குழம்பும். சிவப்பு மையில் எல்லாவற்றையும் சுழிக்க வேண்டாம்." "தண்ணீர் குடிக்க அடிக்கடி எழுந்தால், அது ஓய்வு தேவை என்று அர்த்தம்."

இந்த ஒரு பக்கம் கடைசிவரை உங்களோடு வரும். பதினைந்து பக்க அசெஸ்மென்ட் அறிக்கையை எந்தப் பாட ஆசிரியரும் வாசிக்கப்போவதில்லை. ஒரு பக்கத்தை வாசிப்பார்.

அறிக்கையும் வேண்டும்தான். மூன்று வருடங்களுக்கு மேல் பழையதாக இருந்தால் ஆறாம் வகுப்புக்கு முன் புதிதாக ஒன்று எடுத்துவிடுவது நல்லது. பிள்ளை வளர்ந்திருப்பான், தேவையும் மாறியிருக்கும். சென்னையில் டிஸ்லெக்ஸியாவுக்கு மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன், பெருமூளை வாதம் போன்றவற்றுக்குக் கோட்டூர்புரம் வித்யா சாகர், பலவகை மாற்றுத்திறன்களுக்கு முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் தேசிய நிறுவனம், எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை என்று பல இடங்கள் இருக்கின்றன. இங்கெல்லாம் காத்திருக்கும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் பேசுங்கள். பள்ளிகளைப் பற்றி எனக்குக் கிடைத்த உண்மையான தகவலில் பாதி அந்த பெஞ்சுகளில் கிடைத்ததுதான்.

ஒரு வித்தியாசத்தை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். தனியார் உளவியலாளர் தரும் அறிக்கை வகுப்பறைக்கு உதவும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சலுகை வேண்டுமானால் அரசு மருத்துவக் குழு தரும் சான்றிதழ் வேண்டும். கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழை 8 வயதில் வாங்கலாம், பிறகு குறிப்பிட்ட கட்டங்களில் மறு மதிப்பீடு செய்ய வேண்டும். கையோடு மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும் இணையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ஒன்பதாம் வகுப்பில் ஓடுவதைவிட இப்போது ஓடுவது எளிது.

சட்டம் என்ன சொல்கிறது

சட்டம் படித்தால் பள்ளி மாறிவிடாது. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் சொல்வது உங்கள் மேல் காட்டும் கருணையா, அவர்களுடைய கடமையா என்று தெரிந்திருப்பது முதுகை நிமிர்த்தும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் அடக்கம். அதன் 16-ஆவது பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிக்கு மட்டுமில்லாமல் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கும் பொருந்தும். அதாவது தனியார் பள்ளிகளுக்கும். பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், கட்டடமும் கழிப்பறையும் எல்லோரும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும், பிள்ளையின் தேவைக்கு ஏற்ற வசதி செய்து தர வேண்டும், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிய வேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு, அருகமைப் பள்ளியிலோ அவர்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை என்று 31-ஆவது பிரிவு சொல்கிறது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரையிலான சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வோ, பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நேர்காணலோ வைக்கக் கூடாது என்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 ரூபாய் வரையும் அபராதம். ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு "சும்மா ஒரு சின்ன டெஸ்ட்" என்று சொல்லும் பள்ளிகள் ஏராளம் என்பதால் இதைச் சொல்கிறேன். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது, அதையும் கவனத்தில் வையுங்கள். அப்புறம், இதே சட்டம் தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்குத் தரும் 25 சதவீத இடஒதுக்கீடு தொடக்க வகுப்பில் சேர்பவர்களுக்குத்தான். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேரும்போது அது கிடைக்காது.

ஆறாம் வகுப்பில் பாடத்திட்டம் ஏன் முக்கியம்

இதில் பல பெற்றோர் கோட்டை விடுகிறார்கள். பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசும்போது நீட், ஐ.ஐ.டி. என்று எங்கேயோ போய்விடுகிறோம். எழுத்து தடுமாறும் பிள்ளைக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மொத்தம் எத்தனை மொழி எழுத வேண்டும்?

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மூன்றாம் மொழி உண்டு. ஆங்கில எழுத்தும் தமிழ் எழுத்துமே இன்னும் கைக்கு வராத பிள்ளைக்கு மூன்றாவதாக ஒரு எழுத்துமுறை வந்து சேரும். மாற்றுத்திறன் சான்றிதழ் உள்ள பிள்ளைகளுக்கு மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு தர வாரியமே அனுமதிக்கிறது. பல பள்ளிகள் இதைத் தாமாகச் சொல்வதில்லை. நீங்கள் கேட்க வேண்டும். கேட்டு வாங்கிய பிறகு இன்னொரு கேள்வி: அந்தப் பீரியடில் என் பிள்ளை எங்கே இருப்பான்? நூலகத்தில் தனியாக உட்கார வைப்பார்களா, ஸ்பெஷல் எஜுகேட்டர் எனும் சிறப்பாசிரியரோடு வேலை நடக்குமா? வாரத்துக்கு மூன்று நான்கு பீரியட் என்றால் அது கொஞ்ச நேரம் இல்லை. அந்த நேரத்தில் ரெமடியல் பயிற்சி, அதாவது திணறும் இடத்தைச் சரிசெய்யும் தனிப் பயிற்சி, நடந்தால் மாலையில் தனியாக ஒரு வகுப்புக்கு இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்பிலும் சி.பி.எஸ்.இ.யில் ஒரே மொழி எழுதி, மற்ற பாடங்களைக் கொஞ்சம் விரிவான பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். மூன்று மணி நேரத் தேர்வுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்லச் சொல்ல எழுதுபவரும் கிடைக்கும்.

மாநிலப் பாடத்திட்டத்தில் இரண்டு மொழிதான். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ் கட்டாயம். டிஸ்லெக்ஸியா உள்ளவர்களுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கும், கூடுதலாக ஒரு மணி நேரமும், எழுதுபவரும் உண்டு. தமிழில் பேசியே வளர்ந்த பிள்ளைக்குப் பாடத்தை வீட்டில் தமிழில் விளக்கிச் சொல்ல முடிவது பெரிய பலம். ஆங்கிலவழியில் படித்தாலும் மெட்ரிகுலேஷன் பள்ளிகளின் சமச்சீர் பாடப்புத்தகங்களுக்குத் தமிழ்ப் பதிப்பும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். நாங்கள் அறிவியலுக்கு அப்படித்தான் செய்தோம்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்ற கதவும் இருக்கிறது. அங்கே பத்தாம் வகுப்புக்குச் சேரக் குறைந்தது 14 வயது ஆக வேண்டும். ஒரு மொழி உட்பட ஐந்து பாடம் போதும், ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சில தனியார் பள்ளிகள் எட்டு வரை வைத்திருந்துவிட்டு, ஒன்பதில் "ஓப்பன் ஸ்கூலுக்கு மாற்றிவிடுங்கள்" என்று சொல்கின்றன. அது உங்கள் முடிவாக இருந்தால் நல்லது. பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைக் காப்பாற்ற எடுக்கப்படும் முடிவாக இருந்தால் அது வேறு. அதனால் ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போதே கேளுங்கள்: இதுபோன்ற பிள்ளைகள் உங்கள் பள்ளியிலிருந்தே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறார்களா? கடைசியாக எந்த வருடம்?

பட்டியலும் தூரமும்

ஜூனில் சேர வேண்டுமானால் முந்தைய ஆகஸ்டிலேயே தேடத் தொடங்குங்கள். ஆறாம் வகுப்பில் இடங்கள் குறைவு. யாராவது டி.சி. வாங்கிப் போனால்தான் காலியாகும். தீபாவளிக்குள் ஆறேழு பள்ளிகளைத் தொலைபேசியில் விசாரித்து, பொங்கலுக்குள் மூன்றை நேரில் பார்த்துவிட்டால் நிதானமாக முடிவெடுக்கலாம்.

தூரத்தில் நான் கொஞ்சம் பிடிவாதமாக இருப்பேன். வீட்டிலிருந்து அரைமணி நேரத்துக்கு மேல் போகும் பள்ளியைச் சேர்க்காதீர்கள். வேளச்சேரியிலிருந்து ஓ.எம்.ஆரில் ஒரு பள்ளிக்கு வேனில் போய்வந்த பெண் குழந்தை ஒருத்தியைத் தெரியும், ஆட்டிசம் உள்ளவள். ஹார்னும் வெயிலும் நெரிசலும் தாங்கி முதல் பீரியடுக்கு வரும்போதே அன்றைக்கான சக்தி தீர்ந்திருக்கும். பள்ளி நல்ல பள்ளி. வழிதான் அவளை வாட்டியது. அருகில் இருக்கும் பள்ளியில் இன்னொரு நன்மை, வகுப்பு நண்பர்கள் அதே தெருவில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் விளையாடக் கூப்பிட ஆள் இருப்பது எந்த ரிசோர்ஸ் ரூமுக்கும் (பள்ளியில் இந்தப் பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி தரும் அறை) குறைந்தது இல்லை.

தொலைபேசியில் முதல் பேச்சு

சிலர் முதலில் எதையும் சொல்லாமல் சேர்த்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்பார்கள். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் அப்படிச் சேர்ந்தால் வகுப்பறையில் உதவி எதுவும் கிடைக்காது, பிள்ளையும் ஒரு ரகசியத்தைச் சுமக்க வேண்டிவரும். நான் நேராகவே சொன்னேன்: "என் பையனுக்கு டிஸ்லெக்ஸியா இருக்கு. ஆறாம் வகுப்புக்குப் பார்க்கிறோம். உங்க ஸ்பெஷல் எஜுகேட்டர்கிட்ட பேச முடியுமா?"

அதற்கு வரும் பதிலிலேயே நிறைய தெரியும். "சீட் இல்லை" என்று அந்த நொடியிலேயே வந்த பதில் உண்டு. "நாங்க எல்லாரையும் ஒரே மாதிரிதான் நடத்துவோம்" என்றும் ஒரு பள்ளியில் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் ஒரே மாதிரி நடத்தியதால்தான் என் மகன் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்க நின்றான். ஒரே ஒரு பள்ளியில் அலுவலகப் பெண், "அவன் எந்த கிளாஸ்ல இருந்து இப்படிச் சிரமப்படறான்? என்ன பிடிக்கும் அவனுக்கு?" என்று கேட்டார். அங்கேதான் அவன் இப்போது படிக்கிறான்.

நேரில் பார்க்கப் போகும் நாள்

இதற்கு ஒரு நாள் முழுவதும் ஒதுக்குங்கள். சனிக்கிழமையோ ஆண்டுவிழா நாளோ வேண்டாம். சாதாரண செவ்வாய், புதன், காலை பதினொரு மணி. அப்போது போய்ப் பாருங்கள்: இந்தப் பள்ளியில் ஏற்கெனவே படிக்கும் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகள் இந்த நேரத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்?

வகுப்பில் மற்றவர்களோடு இருந்தால் நல்லது. ஒரு பீரியடுக்கு ரிசோர்ஸ் ரூமுக்கு வந்து, முடித்துவிட்டு வகுப்புக்குத் திரும்பினாலும் நல்லதே. ஆனால் காலையிலிருந்து மாலை வரை ரிசோர்ஸ் ரூமிலேயே ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்தால், அது பொதுப் பள்ளியின் வாசலுக்குள் இருக்கும் ஒரு தனிப்பள்ளி. கேட் ஒன்றாக இருக்கும், வாழ்க்கை வேறாக இருக்கும். விலையுயர்ந்த பள்ளி ஒன்றில் இதைப் பார்த்தேன். அறை அழகாக இருந்தது, சுவரெல்லாம் ஓவியம், ஊஞ்சல்கூட இருந்தது. மதிய உணவு மணி அடித்ததும் மற்ற பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடினார்கள். அந்த அறைப் பிள்ளைகள் அங்கேயே டிஃபன் பாக்ஸைத் திறந்தார்கள். நானும் என் கணவரும் பேசாமல் வெளியே வந்தோம்.

அதனால் மதிய உணவு நேரத்தைக் கட்டாயம் பாருங்கள். பி.டி. பீரியடையும் பாருங்கள். பாடத்தில் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகூட விளையாட்டில் விட்டுவிடும். அணி பிரிக்கும்போது கடைசியில் யார் நிற்கிறார்கள், ஆசிரியர் அப்போது என்ன செய்கிறார் என்று கவனியுங்கள்.

கட்டடத்தைப் பொறுத்தவரை, நடுநிலை வகுப்புகள் பெரும்பாலும் மாடியில்தான் இருக்கும். சாய்தளம் தரைத்தளத்தோடு முடிந்துவிடும். அறிவியல் ஆய்வகமும் கணினி அறையும் இரண்டாவது மாடியில் இருந்தால், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை எப்படிப் போவாள்? "தூக்கிட்டுப் போவோம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தன் உடம்பைப் பற்றிய கூச்சம் வந்திருக்கும். வகுப்பையே தரைத்தளத்துக்கு மாற்றித் தர ஒப்புக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் அது பார்வைக்கு வைத்தது. கழிப்பறைக்குள் போய்ப் பாருங்கள். பூட்டி வைத்திருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். பெண் பிள்ளைக்கு மாதவிடாய் தொடங்கும் வயது இது. உதவி தேவைப்படுபவளுக்கு யார் உதவுவார், அவர் பெண் ஊழியர்தானா என்பதையும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

செவித்திறன் குறைந்த பிள்ளை என்றால் காலியான வகுப்பறையில் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். மேலே நான்கு மின்விசிறி, வெளியே சாலை, பக்கத்து வகுப்பின் சத்தம். செவிக்கருவிக்குள் இவை எல்லாம் ஒன்றாகத்தான் போய்ச் சேரும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு மணி எப்படி அடிக்கிறது என்பதே பெரிய விஷயம். சத்தம் தாங்காமல் போனால் ஐந்து நிமிடம் போய் உட்கார அமைதியான மூலை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அளவு, ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். 45 பேர் இருக்கும் வகுப்பில் எவ்வளவு நல்ல மனசுள்ள ஆசிரியராலும் முடியாது.

முதல்வரிடமும் ஸ்பெஷல் எஜுகேட்டரிடமும்

ஸ்பெஷல் எஜுகேட்டரைத் தனியாகச் சந்திக்கக் கேளுங்கள். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவரா என்று கேட்பதில் தவறில்லை. தகுதியான சிறப்பாசிரியர் எல்லோருக்கும் அங்கே பதிவு எண் இருக்கும். முழுநேரமா, வாரம் இரண்டு நாள் வந்து போகிறாரா? எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார்? தொடக்க வகுப்புகளில் 10 பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பிள்ளைக்கு ஒருவர் என்ற அளவை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொல்லியிருக்கிறது. பள்ளி முழுவதற்கும் ஒருவர், அவரிடம் ஐம்பது பிள்ளைகள் என்றால் அவரும் பாவம், பிள்ளைகளும் பாவம்.

ஐ.இ.பி. என்று சொல்லும் தனிநபர் கல்வித் திட்டம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், பெயரை மறைத்துவிட்டுத்தான். அதில் "வாசிப்பு மேம்படும்" என்று இருந்தால் அது வெறும் படிவம். "செப்டம்பருக்குள் பாடப்புத்தகப் பத்தியை ஒருமுறை கேட்டபின் முக்கியக் கருத்து மூன்றை வாயால் சொல்வான், அறிவியல் ஆசிரியர் குறிப்புகளை அச்சிட்டுத் தருவார்" என்பது போல இருந்தால் அங்கே வேலை நடக்கிறது.

முதல்வரிடம் நான் கேட்ட கேள்விகளில் முதன்மையானது இதுதான்: "ஆறாம் வகுப்பில் என் பையனுக்கு எட்டு ஆசிரியர்கள் வருவாங்க. எட்டுப் பேருக்கும் அவனைப் பற்றி யார் சொல்வாங்க, எப்போ சொல்வாங்க? நடுவில் ஒருத்தர் வேலையை விட்டுப் போனா புதுசா வருபவருக்கு யார் சொல்வாங்க?" தனியார் பள்ளிகளில் ஆசிரியர்கள் வருடத்தின் நடுவிலும் மாறுவார்கள். இதற்கு ஒரு பெயரைச் சொல்லிப் பதில் வர வேண்டும். "எங்க சிஸ்டம் பார்த்துக்கும்" என்றால் யாரும் பார்த்துக்கொள்ளவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்தது தேர்வு. வகுப்புத் தேர்வுகளிலும் கூடுதல் நேரம் உண்டா, பருவத் தேர்வில் மட்டும்தானா? எழுத்துப் பிழைக்கு அறிவியலில் மதிப்பெண் குறைப்பார்களா? கேள்வித்தாளை வாசித்துக் காட்டுவார்களா? கூடுதல் நேரம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த நேரத்தை மதிய உணவு இடைவேளையிலிருந்து எடுக்கும் பள்ளிகள் உண்டு. அதையும் கேட்டுவிடுங்கள்.

கேலியைப் பற்றிக் கேட்கும்போது "எங்க பள்ளியில் அப்படி எதுவும் நடக்காது" என்ற பதில் எனக்கு நிம்மதி தரவில்லை. பதினொரு, பன்னிரண்டு வயதில் எல்லாப் பள்ளியிலும் நடக்கும். "போன வருஷம் ஒண்ணு நடந்தது, நாங்க இப்படிச் செஞ்சோம்" என்று சொல்பவரை நம்பலாம்.

ஷேடோ டீச்சர், அதாவது வகுப்பில் ஒரு பிள்ளைக்கு மட்டும் கூடவே இருந்து உதவுபவர், விஷயத்தில் நிதானம் வேண்டும். சில பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒருவர் தேவை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்பே "ஷேடோ வைத்தால்தான் சேர்ப்போம், சம்பளம் நீங்கள்தான்" என்று நிபந்தனை போடுவது தன் பொறுப்பை உங்கள் தலையில் இறக்கி வைப்பது. அந்தச் சம்பளம் பள்ளிக் கட்டணத்தையே தாண்டிவிடலாம். தேவை என்றால், எதற்காகத் தேவை, எத்தனை மாதத்துக்கு, எப்போது குறைப்பது என்று எழுத்தில் பேசுங்கள். அவர் பிள்ளைக்கும் வகுப்புக்கும் நடுவில் சுவராக உட்காரக் கூடாது. வகுப்பு ஆசிரியர் பிள்ளையோடு நேரடியாகப் பேசுகிறாரா, ஷேடோவிடம் சொல்லி அனுப்புகிறாரா என்பதைப் பாருங்கள்.

கேட்டுக்கு வெளியே

மாலை பள்ளி விடும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே அரைமணி நேரம் நில்லுங்கள். அழைத்துப் போக வந்த பெற்றோரிடம் பேசுங்கள். "உங்க பசங்க கிளாஸ்ல ஸ்பெஷல் நீட்ஸ் பசங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டால், "ஆமா, எங்க பொண்ணோட ஃபிரெண்ட்" என்று ஒருவர் சொன்னாலே போதும். முடிந்தால் அந்தப் பள்ளியை விட்டு விலகிய குடும்பம் ஒன்றையும் தேடிப் பிடித்துப் பேசுங்கள். ஏன் விலகினார்கள் என்பதைக் கேட்டுவிட்டு, உடனே தீர்ப்பு சொல்லாமல், பள்ளியிடமும் பொதுவாக அதே விஷயத்தைக் கேளுங்கள்.

பிள்ளையிடம் கேளுங்கள்

கடைசி இரண்டு பள்ளிகளுக்குப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். தேர்வு எழுத இல்லை, ஒரு பாதி நாள் வகுப்பில் உட்கார. பல பள்ளிகள் கேட்டால் சம்மதிக்கும். திரும்பி வரும்போது ஆட்டோவிலேயே விசாரணை தொடங்க வேண்டாம். இரவு சாப்பிடும்போது கேளுங்கள், அதுவும் "பிடிச்சிருக்கா?" என்று கேட்காமல், "யார் பக்கத்துல உட்கார்ந்த? என்ன பேசினீங்க?" என்று. என் மகன் முதல் பள்ளியைப் பற்றி லிஃப்ட் பெரிதாக இருந்தது என்று மட்டும் சொன்னான். இரண்டாவதைப் பற்றி, "ஒரு பையன் எனக்கு அவன் நோட்டைக் காட்டினான், நான் கேட்கவே இல்ல" என்றான். பேச்சு வராத பிள்ளை என்றால் உடம்பு சொல்லும். வாசலில் உங்கள் கையை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறாள், அன்று இரவு எப்படித் தூங்குகிறாள் என்று பாருங்கள்.

எந்தப் பொதுப் பள்ளியும் சரிவரவில்லை, சிறப்புப் பள்ளியில்தான் பிள்ளை மலர்கிறாள் என்றால் அங்கே சேர்ப்பதில் எந்தத் தோல்வியும் இல்லை. இரண்டு வருடம் அங்கே வலுவாக்கிக்கொண்டு திரும்பப் பொதுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் நடத்தும் அனன்யா மையம் அப்படிப்பட்ட முழுநேர ரெமடியல் இடம்தான்.

எழுத்தில் வாங்குவது

எல்லாம் பேசி முடித்த அன்று இரவே பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். "இன்று பேசியதில் நாங்கள் புரிந்துகொண்டது இவை" என்று தொடங்கி, வரிசையாக: மூன்றாம் மொழி விலக்கு, வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம், ஸ்பெஷல் எஜுகேட்டரோடு வாரம் எத்தனை பீரியட், பொறுப்பாளர் பெயர், இவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டா, எவ்வளவு. மரியாதையாக, சண்டைத் தொனி இல்லாமல். அவர்கள் "ஆம்" என்று ஒரு வரி பதில் போட்டால் அதுவே உங்கள் ஆவணம். பணம் கட்டும் முன் அந்தப் பதில் வந்திருக்க வேண்டும். பழைய பள்ளியில் டி.சி. வாங்குவதும் அதற்குப் பிறகுதான்.

குறைபாட்டைக் காரணம் காட்டி மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் தர மாட்டார்கள். அப்போது நீங்களே நடந்ததைத் தேதியோடு மின்னஞ்சலாக அனுப்பி வையுங்கள். மாவட்டக் கல்வி அலுவலரிடமும், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் புகார் கொடுக்கலாம், சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் சென்னை மண்டல அலுவலகமும் இருக்கிறது. புகார் கொடுப்பது சரி, கொடுக்கவும் வேண்டும். ஆனால் புகாரின் அழுத்தத்தால் இடம் கொடுத்த பள்ளியில் உங்கள் பிள்ளையை உட்கார வைப்பதா என்பதைத் தனியாக யோசியுங்கள். நான் புகார் கொடுத்தேன், பிள்ளையை வேறு இடத்தில் சேர்த்தேன். அடுத்து அந்த வாசலுக்குப் போகும் பிள்ளைக்கு அது உதவியிருக்கும் என்று நம்புகிறேன்.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை

பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு ஆசிரியர்கள் வந்திருப்பார்கள். அன்று பதினைந்து நிமிடம் கேட்டு வாங்கி, எல்லாப் பாட ஆசிரியர்களையும் ஒன்றாகச் சந்தியுங்கள். முதலில் எழுதிய அந்த ஒரு பக்கம் நினைவிருக்கிறதா, அதில் எட்டுப் பிரதி. பி.டி. சாருக்கும் ஓவிய ஆசிரியருக்கும் சேர்த்து. வேன் ஓட்டுநர் அண்ணாவிடமும் ஆயாம்மாவிடமும் வாயால் சொல்லுங்கள். மேலே பிள்ளையின் புகைப்படம், அவனுக்குப் பிடித்த ஒரு விஷயம் முதல் வரியில். என் மகனுடையதில் "ரயில்களைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்வான்" என்று இருந்தது. கணக்கு ஆசிரியர் முதல் நாளே வேகம், தூரம், நேரம் கணக்கில் அவனைப் பலகைக்குக் கூப்பிட்டார். அவன் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்.

காலாண்டுத் தேர்வு வரை ஓர் நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள்: காலையில் வயிற்று வலி என்று எத்தனை நாள் சொன்னான், டிஃபன் பாக்ஸ் எத்தனை நாள் அப்படியே திரும்பி வந்தது, எந்தக் கிழமைகளில். எங்கள் வீட்டில் வியாழக்கிழமைகளில் மட்டும் வயிற்று வலி வந்தது. பார்த்தால் வியாழன் தமிழ் டிக்டேஷன். மிஸ்ஸிடம் பேசினேன், அவனுக்கு மட்டும் ஐந்து வார்த்தை, முந்தைய நாளே பட்டியல் என்று மாற்றினார். வலி நின்றது.

ஏழாம் வகுப்பில் எட்டில் ஐந்து ஆசிரியர்களாவது மாறுவார்கள். மே மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்து, பிள்ளையோடு உட்கார்ந்து திருத்துங்கள். போன வருடம் என் மகன் "சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம்" என்ற வரியைத் தானே அடித்துவிட்டு, "முதல் நாளே சொன்னால் வாசிப்பேன்" என்று எழுதினான். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை இருந்தது. அப்படியே எட்டுப் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.